குரலை எடுத்த பிறகு: டப் இசையில் எதிரொலியைத் தேர்வது

டப் இசையைப் பற்றி நண்பர்களோடு பேச ஆரம்பித்தால் பத்து நிமிடத்துக்குள் பேச்சு கருவிகளுக்குப் போய்விடும். எந்த டிலே நல்லது, எந்த ரிவெர்ப் நல்லது, அசல் ரோலண்ட் ஸ்பேஸ் எக்கோ வேண்டுமா, அதன் பிளக்-இன் நகல் போதுமா. நான் பினாங்கில் மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கிறேன். உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் படித்ததும் அந்தத் துறைதான். அதனால் என்னிடம் பதில் இருக்கும் என்று நினைக்கிறார்கள். "மச்சா, ஒரே ஒரு டிலே வாங்கணும்னா எதை வாங்கலாம்?"

பதில் இருக்கிறது, ஆனால் அது ஒரு கருவியின் பெயராக இல்லை. எந்தக் கருவியை எடுத்தாலும் அதனிடம் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன்: மூல ஒலியை நிறுத்திய பிறகு நீ என்ன செய்வாய்?

இலக்கியம் வாசிக்கிற உங்களுக்கு இந்தக் கேள்வி புதிதாக இருக்காது. ஒரு கவிதையிலிருந்து எதை வெட்டுவது, வெட்டியதன் தடம் எவ்வளவு நேரம் தெரிய வேண்டும் என்பதுதானே அங்கேயும் பிரச்சினை. டப்பில் அதே பிரச்சினையை ஓம், மில்லிவிநாடி, டெசிபெல் என்று அளந்து பேசலாம். அவ்வளவுதான் வித்தியாசம்.

*

முதலில் டப் எங்கிருந்து வந்தது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கருவித் தேர்வு அங்கேதான் முடிவாகிறது.

1960களின் இறுதி, ஜமைக்கா. ஸ்பானிஷ் டவுனில் சவுண்ட் சிஸ்டம் நடத்திவந்த ரடி ரெட்வுட், டியூக் ரீடின் டிரெஷர் ஐல் ஸ்டூடியோவில் ஒரு தட்டு வெட்டிக்கொள்ளப் போனார். பாரகன்ஸ் குழுவின் பாட்டு. குரல் சேராமல், வெறும் இசை மட்டும் தட்டில் விழுந்துவிட்டது. அன்றிரவு நடனத்தில் முதலில் குரலோடு உள்ளதைப் போட்டு, அடுத்து குரலில்லாததைப் போட்டபோது, கூட்டமே விடுபட்ட வரிகளைப் பாடியது என்று சொல்வார்கள். அதற்குப் பிறகு ஏழு அங்குலத் தட்டின் ஒரு பக்கம் பாட்டு, மறுபக்கம் குரலை எடுத்த 'வெர்ஷன்' என்பது ஜமைக்காவில் வழக்கமாகிவிட்டது.

இதில் இரண்டு விஷயம் கவனிக்கணும். ஒன்று, கேட்பவருக்குப் பாட்டு முன்பே தெரியும். குரல் போனது இழப்பாகத் தெரிய வேண்டுமென்றால் அது இருந்தது தெரிந்திருக்க வேண்டும். இரண்டு, அந்த வெற்றிடத்தில் இன்னொருவர் பேச வந்தார். கிங் டப்பியின் ஹோம்டவுன் ஹை-ஃபை சவுண்ட் சிஸ்டத்தில் மைக்கைப் பிடித்த யூ-ராய், குரல் நீங்கிய இடங்களில் தன் பேச்சை நிரப்பினார். ராப் என்று நாம் இன்றைக்குச் சொல்வதற்கு இதுவும் ஒரு மூதாதை.

இன்னொரு பக்கமும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நான் புராணம் பாடுகிறேன் என்றாகிவிடும். வெர்ஷன் மலிவானது. ஒரே தாளப் பதிவை வைத்து ஐந்து, பத்து தட்டுகள் போடலாம். வாசித்தவர்களுக்கு மறுபடி காசு கொடுக்க வேண்டியதில்லை. தயாரிப்பாளரின் சிக்கனமும் அந்த வெற்றிடத்துக்கு ஒரு காரணம். கலை அதற்குப் பிறகுதான் அங்கே குடியேறியது.

*

குடியேற்றியவர் ஆஸ்போர்ன் ரட்டக், 1941இல் பிறந்தவர். எல்லோருக்கும் கிங் டப்பி. கிங்ஸ்டனின் வாட்டர்ஹவுஸ் பகுதியில் ரேடியோ, ஆம்ப்ளிஃபையர் பழுது பார்க்கிறவர், டிரான்ஸ்ஃபார்மர் சுற்றுகிறவர். டைனமிக் சவுண்ட்ஸ் ஸ்டூடியோ தன் சாதனங்களைப் புதுப்பித்தபோது, அது கழித்துப்போட்ட எம்சிஐ மிக்ஸர் இவர் கைக்கு வந்தது. இவருடைய ஸ்டூடியோ வீட்டுக்குள் இருந்த ஒரு சின்ன அறை. அங்கே ஒரு முழு இசைக்குழு உட்கார்ந்து வாசிக்க இடமில்லை. வேறு எங்கோ பதிவான டேப்தான் இவரிடம் வரும். புதிதாக ஒரு சுரம்கூடச் சேர்க்க வழியில்லாத இடத்தில் ஒரு மனிதர் என்ன செய்ய முடியும்? எடுக்கலாம். எடுத்ததைத் திரும்பக் காட்டலாம்.

அந்த மிக்ஸரில் ஒரு பெரிய குமிழ் இருந்தது. ஹை-பாஸ் ஃபில்டர். கீழ் அலைவரிசைகளைத் தடுத்து மேலே உள்ளதை மட்டும் விடும். 70 ஹெர்ட்ஸில் தொடங்கி 7.5 கிலோஹெர்ட்ஸ் வரை படிப்படியாக ஏறும். ஸ்நேர் டிரம்மை எதிரொலிக்கு அனுப்பிவிட்டு அந்தக் குமிழைத் திருகினால், எதிரொலி மெலிந்து மெலிந்து கடைசியில் தகரத் தகட்டின் முனகல் மாதிரி ஆகிவிடும். டப்பி என்றால் அந்த ஓசைதான். கருவி விற்பவர்கள் சொல்லாதது இதுதான்: டப்பியின் எதிரொலியில் பாதி, எதிரொலிக் கருவிக்கு வெளியே இருந்தது. ஒரு ஃபில்டரிலும் ஒரு கையிலும்.

1976இல் வந்த 'கிங் டப்பீஸ் மீட்ஸ் ராக்கர்ஸ் அப்டவுன்' தொகுப்பின் தலைப்புப் பாட்டைக் கேளுங்கள். அகஸ்டஸ் பாப்லோ தயாரித்து ஜேக்கப் மில்லர் பாடிய 'பேபி ஐ லவ் யூ ஸோ'வின் டப் அது. டிரம்ஸில் கார்ல்டன் பாரெட், பேஸில் ராபி ஷேக்ஸ்பியர், மெலோடிகாவில் பாப்லோ. மில்லர் காதலியிடம் ஏதோ சொல்ல ஆரம்பிக்கிறார். டப்பி முடிக்க விடுவதில்லை. ஒரு சொல் வருகிறது, கதவு சாத்தப்படுகிறது, அந்தச் சொல்லின் வால் மட்டும் இருட்டுக்குள் போய்க்கொண்டே இருக்கிறது. அது போகும் வழியில் டிரம்ஸ் குறுக்கே வந்து விழுகிறது. காதல் பாட்டு அப்படியே இருக்கிறது, காதலன்தான் இல்லை.

தொழில்நுட்பமாக இங்கே நடப்பது எளிமையானது. குரல் சேனலிலிருந்து ஒரு கிளை டிலேவுக்குப் போகிறது. அதற்குப் பெயர் சென்ட். டிலேயிலிருந்து வரும் ஒலி தனிச் சேனலில் திரும்புகிறது, அது ரிட்டர்ன். குரல் சேனலை மூடினாலும் டிலேவுக்குள் போன ஒலி அதன் போக்கில் திரும்பி வந்துகொண்டிருக்கும். டிலேயைக் குரல் சேனலுக்குள்ளேயே செருகிவிட்டு, அந்தச் சேனலையே மூடினால் குரலோடு சேர்ந்து எதிரொலியும் செத்துவிடும். வீட்டில் டப் செய்து பார்க்கும் பலரின் பாட்டு டப்பாக ஒலிக்காததற்கு முதல் காரணம் இது. அவர்கள் ஆள் இருக்கும்போதே எதிரொலி போடுகிறார்கள். டப்பி ஆளை வெளியே அனுப்பிவிட்டுப் போட்டார்.

நம் ஊர் கல்யாண மண்டபத்து மைக்கில் எக்கோ வைப்பார்கள், தெரியும் இல்லையா? பேசுகிறவரை இரண்டு மடங்காக்கிக் காட்டுவதற்கு அது. டப்பின் எதிரொலி அதற்கு நேர் எதிர்.

*

இனி டிலே. சந்தையில் நூறு இருந்தாலும் அடிப்படையில் மூன்று வகை. டேப், அனலாக் சிப், டிஜிட்டல். என்னுடைய கேள்வியை மூன்றிடமும் கேட்டுப் பார்க்கிறேன்.

டேப் டிலேயில் ஒரு ஹெட் ஒலியைப் பதியும். டேப் நகர்ந்து போய்ச் சற்றுத் தள்ளியிருக்கும் இன்னொரு ஹெட்டைத் தொடும்போது அது வாசிக்கப்படும். இரண்டுக்கும் நடுவே 2 அங்குலம், டேப்பின் வேகம் விநாடிக்கு 7.5 அங்குலம் என்றால் எதிரொலி சுமார் 267 மில்லிவிநாடி கழித்து வரும். வாசித்ததை மறுபடி பதிவு ஹெட்டுக்கே அனுப்பினால் ஃபீட்பேக், எதிரொலிக்கு எதிரொலி. 1974இல் வந்த ரோலண்ட் ஆர்இ-201 ஸ்பேஸ் எக்கோவில் இப்படி வாசிக்கும் ஹெட்டுகள் மூன்று உண்டு, கூடவே ஒரு ஸ்பிரிங் ரிவெர்பும்.

முக்கியமான விஷயம், ஒவ்வொரு சுற்றிலும் ஒலி கெடுகிறது. மேல் அலைவரிசைகள் உதிர்கின்றன. இரைச்சல் ஏறுகிறது. டேப்பின் ஓட்டம் லேசாகத் தடுமாறுவதால் சுருதி ஆடுகிறது. மனிதக் குரலை அனுப்பிப் பாருங்கள். நான்காம் ஐந்தாம் சுற்றில் 'ச', 'ட', 'த' எல்லாம் தேய்ந்துவிடும், ஏனென்றால் அந்த ஓசைகளின் கூர்மை இருப்பது மேல் அலைவரிசையில். மிஞ்சுவது ஆ, ஓ, ஊ. மெய்யெழுத்து முதலில் போய் உயிரெழுத்து கடைசி வரை நிற்கிறது. நம் இலக்கணக்காரர்கள் வைத்த பெயர் இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் புல்லரிக்க வைக்கும்.

அனலாக் சிப் வகையில் மின்னேற்றம் ஒரு மின்தேக்கியிலிருந்து அடுத்ததற்கு, வாளி மாற்றி வாளி தண்ணீர் ஊற்றுவது போலக் கைமாறுகிறது. 4096 படிகள் கொண்ட சிப்பில் 300 மில்லிவிநாடி தாமதம் வேண்டுமென்றால், அதன் கடிகாரத்தைச் சுமார் 6.8 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்க வேண்டும். அப்படியானால் 3.4 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே எதையும் அது சுமக்க முடியாது. தொலைபேசி அளவுதான். தாமதம் கூடக்கூட இருட்டும் கூடும். பாஸ் டிஎம்-2 மாதிரி சின்னப் பெடல்கள் டப்புக்குப் பொருந்துவதற்குக் காரணம் இந்தக் குறைபாடு.

டிஜிட்டல் டிலே எதையும் மறக்காது. பத்தாவது சுற்றும் முதல் சுற்றின் அதே நகல்தான், சத்தம் மட்டும் குறைவு. என் கேள்விக்கு அதன் பதில்: "நீ நிறுத்தினாலும் நான் அதையே சொல்வேன்." கிளிப்பிள்ளை. தாளம் வேகமாக ஓடும் நடன இசைக்கு அது நல்லது. டப்புக்கு ஒத்துவராது, போனவர் போன மாதிரியே தெரியாது.

அதற்காக டிஜிட்டலைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. ஃபீட்பேக் பாதைக்குள் ஒரு லோ-பாஸ் ஃபில்டர் வைத்து மேலே கொஞ்சம் வெட்டுங்கள், ஒரு ஹை-பாஸ் வைத்துக் கீழே கொஞ்சம் வெட்டுங்கள். பாதைக்குள் என்பதை அடிக்கோடு இட்டுக்கொள்ளவும். வெளியே வைத்தால் எல்லாச் சுற்றும் ஒரே அளவு மங்கும். உள்ளே வைத்தால்தான் ஒவ்வொரு சுற்றும் முந்தையதைவிட மங்கலாகும். பல ஆயிரம் ரிங்கிட் கொடுத்துப் பழைய ஸ்பேஸ் எக்கோ தேடுகிறவர்கள் உண்மையில் தேடுவது இந்த மறதியைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. மறதியை இலவச பிளக்-இன்னிலும் செய்யலாம்.

அடுத்து எத்தனை முறை. ஃபீட்பேக்கை 0.6இல் வைத்தால் ஒவ்வொரு சுற்றும் 4.4 டெசிபெல் இறங்கும். 60 டெசிபெல் இறங்க 13, 14 சுற்று. 0.8 என்றால் 31 சுற்று. 1 ஆனால் நிற்கவே நிற்காது. தாண்டினால் ஊளையிடும். 0.6க்கும் 1க்கும் இடையே கையை வைத்துக்கொண்டு ஆடுவதுதான் டப் பொறியாளரின் வித்தை. அதனால் கருவி தேரும்போது நான் பார்ப்பது, ஃபீட்பேக் குமிழ் கைக்கு எட்டுகிறதா, ஓடும்போதே திருப்பினால் சுருதி வழுக்கி ஏறுகிறதா, கிளிக் என்று துண்டாகிறதா என்பது. திரையில் எவ்வளவு அழகாக இருந்தாலும் மவுஸால் மட்டும் தொட முடிகிற டிலே எனக்கு உபயோகமில்லை. ஒரு மலிவான மிடி குமிழ்ப்பெட்டி அதைவிட மேல்.

கடைசியாக நேரம். பாட்டு நிமிடத்துக்கு 72 அடி என்றால் ஒரு அடி 833 மில்லிவிநாடி, அரை அடி 417, முக்கால் அடி 625. மென்பொருளில் சிங்க் பொத்தானை அழுத்தினால் இந்த எண்கள் தானாக வந்து உட்காரும். நான் அதை அணைத்துவிட்டுக் காதால் வைக்கிறேன். 625க்குப் பதில் 640 ஆகிவிட்டால் எதிரொலி தாளத்துக்குக் கொஞ்சம் பின்தங்கி, போக மனமில்லாத மாதிரி நடக்கும். டேப் இயந்திரத்துக்கு அடியின் கணக்கு தெரியாது. அந்தக் காலத்தில் பிடித்துக் கட்ட சிங்க் கிடையாது, காதுதான்.

*

இவ்வளவு சொன்ன பிறகு என் வாதத்துக்குப் பிடிகொடுக்காத ஒருவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். லீ 'ஸ்கிராட்ச்' பெர்ரி. 1973இல் தன் வீட்டுக் கொல்லையில் பிளாக் ஆர்க் ஸ்டூடியோவைக் கட்டினார். நான்கு டிராக் டேப் இயந்திரம், ஸ்பேஸ் எக்கோ, மியூ-டிரான் பை-ஃபேஸ். டப்பி எடுக்கிறவர் என்றால் பெர்ரி குவிக்கிறவர். நான்கு டிராக் நிறைந்ததும் அவற்றைச் சுருக்கி ஒன்றில் இறக்கி, மேலே மறுபடி குரல், மணி, மூச்சு, புல்லாங்குழல் என்று ஏற்றுவார். 1976இன் 'சூப்பர் ஏப்' தொகுப்பில் வெற்றிடமே இல்லை. காட்டுக்குள் ஈரத்தில் நிற்கிற மாதிரி இருக்கும்.

அப்படியானால் எடுப்பதுதான் டப் என்று நான் சொன்னது? பெர்ரியிடமும் மறதி இருக்கிறது, இடம்தான் மாறியிருக்கிறது. ஒவ்வொரு முறை சுருக்கி இறக்கும்போதும் அடியில் இருக்கும் அடுக்கு ஒரு தலைமுறை கிழடாகிறது. மேலே இருப்பது இன்றைக்கு, அடியில் இருப்பது முந்தாநாள். டப்பியின் எதிரொலி விநாடிக் கணக்கில் மங்கும். பெர்ரியின் பாட்டு அடுக்குக் கணக்கில் மங்கும். ஆனால் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. 'சூப்பர் ஏப்'பில் யார் போனார்கள் என்று எனக்குத் தெரிவதில்லை. மயங்குகிறேன், இழக்கவில்லை. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் டப்பி பக்கம்தான் நிற்பேன்.

*

ரிவெர்ப் விஷயத்தில் தேர்வு இன்னும் கறாரானது. ஹால், சர்ச், சேம்பர் என்று பெயர் வைத்த ரிவெர்ப்கள் ஒரு இடத்தைச் சொல்கின்றன. இந்தப் பாடகர் இந்த மண்டபத்தில் நிற்கிறார் என்று. ஆனால் டப்பில் அவர் எங்கேயும் நிற்கவில்லையே. எடுத்தாகிவிட்டதே. அவருக்கு ஏன் மண்டபம்?

ஸ்பிரிங் ரிவெர்ப் எந்த இடத்தையும் சொல்லாது. மின்சாரத்தை ஒரு சுருள்கம்பியின் முனையில் அதிர்வாக மாற்றுகிறார்கள், அதிர்வு ஓடி, மோதி, திரும்புகிறது, மறுமுனையில் பிடிக்கிறார்கள். கம்பியில் எல்லா அலைவரிசையும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. அதனால் 'டக்' என்று அனுப்பியது 'டியூங்' என்று இழுபட்டு வருகிறது. டப்பி பயன்படுத்தியது ஃபிஷர் கம்பெனி வீட்டு ஸ்டீரியோக்களுக்காகச் செய்த ஒரு ஸ்பிரிங் பெட்டி. அதைக் கையால் தட்டினால் இடி இடிக்கும். டப் தட்டுகளில் கேட்கும் அந்த இடி மழையால் வந்ததில்லை.

ஸ்பிரிங்குக்கு பேஸ் ஆகாது. பேஸை அனுப்பினால் குழம்பு. ஸ்நேர், ரிம்ஷாட், கித்தாரின் வெட்டு, ஒரு சொல்லின் கடைசி அசை, இவ்வளவு போதும். பேஸ் எந்த எதிரொலியும் இல்லாமல் காய்ந்து நடுவில் நிற்க வேண்டும். எல்லாம் போகும் பாட்டில் போகாதது ஒன்று வேண்டுமே.

டப்பியிடம் தொழில் கற்ற சயன்டிஸ்ட் 1981இல் கலந்த 'சயன்டிஸ்ட் ரிட்ஸ் த வேர்ல்ட் ஆஃப் த ஈவில் கர்ஸ் ஆஃப் த வாம்பயர்ஸ்' தொகுப்பு இதற்கு நல்ல பாடம். ரூட்ஸ் ராடிக்ஸ் குழுவின் தாளம். பெரும்பாலான நேரம் டிரம்ஸ் காய்ந்தே இருக்கும். திடீரென ஒரே ஒரு அடி மட்டும் வெடித்துச் சிதறும். காய்ந்த நேரம் நீளமாக இருப்பதால்தான் அந்த ஒரு அடி பயமுறுத்துகிறது. என் வயதுக்காரர்கள் இந்த ஆல்பத்தைத் தெரியாமலே கேட்டிருப்பீர்கள். ஜிடிஏ 3 விளையாட்டில் கார் ரேடியோவைத் திருப்பினால் வரும் கே-ஜா நிலையத்தில் ஓடியது இதன் பாட்டுகள்தான். சைபர் கஃபேயில் மணிக்கணக்காகக் கார் திருடிக்கொண்டிருந்தபோது, யாரோ ஒருவர் டிரம்மை ஒரு கிணற்றுக்குள் போட்டது என் காதில் விழுந்திருக்கிறது.

*

உங்களில் சிலர் எழுப்பக்கூடிய எதிர்ப்பு ஒன்று உண்டு. எடுப்பதற்குப் பாட்டே இல்லாத டப்? 1990களில் பெர்லினில் மார்க் எர்னஸ்டஸும் மோரிட்ஸ் வோன் ஆஸ்வால்டும் பேசிக் சேனல் என்ற பெயரில் செய்தது அதுதான். ஒரு கார்ட், அதன் எதிரொலி, இரைச்சல், பத்துப் பதினைந்து நிமிடம். அங்கே முன்பக்கப் பாட்டு கிடையாது. அவர்களின் நல்ல தட்டுகளில் கார்ட் எப்போது அடிக்கப்பட்டது என்றே தெரியாமல் எதிரொலி மட்டும் நம்மை வந்து சேர்கிறது. எப்போதோ போன ஒன்றின் வால். அதனால் அவை நிற்கின்றன. அவர்களைப் பார்த்துச் செய்யப்பட்ட பலவற்றில் வால் மட்டும் அலங்காரமாக ஆடுகிறது.

இதற்கு மாறாக 1995இல் மேட் புரொஃபஸர் செய்த 'நோ புரொடெக்ஷன்' எனக்கு உதவியாக இருக்கிறது. மாசிவ் அட்டாக்கின் 'புரொடெக்ஷன்' ஆல்பத்தை அவர் டப்பாக்கினார். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். டிரேசி தோர்ன் முழுசாகப் பாடியது உங்கள் காதில் இருக்கும்போதே அது துண்டாகி மிதப்பதைக் கேட்பீர்கள். முதல் ஆல்பத்தைத் தெரியாதவருக்கு இரண்டாவது பாதிதான் கிடைக்கும்.

இலக்கிய வாசகர்களுக்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் வேறு. லிண்டன் க்வெஸி ஜான்சன் லண்டனில் வாழும் ஜமைக்கக் கவிஞர். இங்கிலாந்தின் கறுப்பின இளைஞர்களின் மொழியில், ரெகே தாளத்தில் கவிதை சொன்னவர். 1979 ஏப்ரல் 23 அன்று சவுத்ஹாலில் இனவாத நேஷனல் ஃப்ரன்ட்டுக்கு எதிரான போராட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்தார் பிளேர் பீச் என்ற ஆசிரியர். ஒரு போலீஸ்காரர் அடித்ததாகவே தெரிகிறது என்று போலீஸின் உள் அறிக்கை சொன்னது. அது வெளியே வந்ததே 2010இல்தான். ஜான்சன் 1980இல் 'பேஸ் கல்ச்சர்' தொகுப்பில் பீச்சுக்கு ஒரு இரங்கல் கவிதை சொன்னார். அதே ஆண்டு இசையமைப்பாளர் டெனிஸ் போவெலோடு சேர்ந்து 'எல்கேஜே இன் டப்' வெளியிட்டார். அதில் 'பீச் டப்' இருக்கிறது. கவிதையை எடுத்துவிட்ட இரங்கல்.

யோசித்துப் பாருங்கள். கொலை என்று உரக்கச் சொல்ல வந்த கவிதை. அதன் சொற்களையே எடுப்பது துரோகம் இல்லையா? நான் இதை நெடுநாள் யோசித்திருக்கிறேன். துரோகம் இல்லை என்பதற்கு என் காரணம், கவிதை முதல் தட்டில் முழுசாக, தெளிவாக, எக்கோ பூசாமல் இருக்கிறது. சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது. இரண்டாவது தட்டில் அந்தத் தாளம் வரும்போது கேட்பவரின் மனம்தான் வரிகளைச் சொல்லிக்கொள்கிறது, ஸ்பானிஷ் டவுன் கூட்டம் பாடிய மாதிரி. இறந்தவர் பெயர் தலைப்பில் மட்டும். வரி தெரியாதவருக்கு அது நல்ல ரெகே, தெரிந்தவருக்கு வேறு.

*

சமீபத்தில் கவிஞரான நண்பர் ஒருவர் தன் கவிதையை டப் பின்னணியில் செய்து தரச் சொன்னார். ஃபேக்டரி பஸ் ஓட்டிய அவருடைய அப்பாவைப் பற்றிய கவிதை. "எல்லா வரிக்கும் எக்கோ போடு மச்சா, அப்பதான் ஃபீல் வரும்" என்றார். நான் மறுத்தேன். கவிதையைக் காய்ந்தபடி விட்டு, இரண்டே இடத்தில் சென்ட்டைத் திறந்தேன்.

எந்தச் சொல் என்பதில் ஒரு நுணுக்கம் இருந்தது. தமிழில் பெரும்பாலான சொற்கள் உயிரோசையில் முடிவதால் எதிரொலிக்கு வசதியான மொழி இது. ஆனால் 'இறங்கு' என்ற சொல்லில் திறந்தபோது ஒன்றுமே கிடைக்கவில்லை. குற்றியலுகரம்; பேசும்போதே பாதி செத்த ஓசை, டிலேவுக்கு என்ன கொடுக்கும்? அவர் அப்பா கூப்பிடும் 'வா' என்ற சொல்லில் திறந்தேன். அந்த ஆகாரம் ஒன்பது, பத்து சுற்று போனது. 'வ' முதலிலேயே உதிர்ந்துவிட்டது.

"அப்ப மத்த வரியெல்லாம் சும்மாவா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். கவிஞருக்கு எல்லா வரியும் எதிரொலிக்க வேண்டும். கலப்பவனுக்கு ஒன்று எதிரொலிக்க மற்றவை அமைதியாக இருக்க வேண்டும். இந்தச் சண்டை தீரவில்லை. கடைசியில் இரண்டு கோப்பு செய்தோம். முன்பக்கம் கவிதை, எந்த எஃபெக்ட்டும் இல்லாமல். பின்பக்கம் கவிதை நீங்கிய டப், அதில் அந்த 'வா' மட்டும்.

*

ஆக, கேட்டவர்களுக்கு என் சிபாரிசு. டிலே ஒன்று போதும்; ஒவ்வொரு சுற்றிலும் மங்குவதாக, ஓடும்போதே கையால் திருப்பக்கூடியதாக இருக்கட்டும். கணினியில் ஏற்கெனவே இருக்கும் டிலேயும் ஃபீட்பேக்குக்குள் வைத்த ஃபில்டரும் அந்த வேலையைச் செய்யும். ரிவெர்ப் ஒன்று, ஸ்பிரிங். இரண்டையும் சென்ட்டில் வையுங்கள், 100 சதவீதம் ஈரமாக. டிலேயின் ரிட்டர்னிலிருந்து கொஞ்சம் ஸ்பிரிங்குக்கு அனுப்பினால் வால் இன்னும் தூரம் போகும். பேஸைத் தொடாதீர்கள். கலப்பதை மவுஸால் வரைந்து திருத்தாமல், பாட்டை ஓடவிட்டு ஒரே மூச்சில் கையால் செய்து பதிவு செய்யுங்கள். பிடிக்காவிட்டால் முழுசாக இன்னொரு முறை. பணம் மிஞ்சினால் பாஸ் ஆர்இ-202 மாதிரி ஒன்றை வாங்கலாம். தப்பில்லை. ஆனால் அது மூன்றாவது வருடத்துச் செலவு.

முதல் வருடத்துக்கு வேண்டியது ஒரு பாட்டு, அல்லது ஒரு கவிதை. குரலை மூடும்போது கை கொஞ்சம் தயங்க வேண்டும். தயங்காவிட்டால் எந்த டிலேயும் அதை டப் ஆக்காது.